டிஜிட்டல் ஓவியத்தை வடிவாகப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

மட்டக்களப்பில் யாரிடமாவது ஒரு டிஜிட்டல் ஓவியத்தைக் காட்டிப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும். "அப்படியே போட்டோ மாதிரி இருக்கு" என்பது ஒன்று. "இது கொம்பியூட்டர் கீறினதுதானே" என்பது மற்றது. முதலாவது பாராட்டு, இரண்டாவது குறை. ஆனால் இரண்டையுமே படத்தைச் சரியாகப் பார்க்காமலே சொல்லிவிடலாம், அதுதான் சிக்கல்.

எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்கிறவருக்கு ஒரு பிழையான கோட்டை எடுப்பது பெரிய பாடு. டிஜிட்டலில், பல செயலிகளில் இரண்டு விரலால் திரையைத் தட்டினால் கோடு போய்விடும். அதனால் வேலை சுலபம் என்று நினைக்கிறோம். நான் இதை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறேன்: எதையும் செலவில்லாமல் அழிக்கலாம் என்றால், முடிந்த படத்தில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு கோடும் ஓவியர் பார்த்து, இருக்கட்டும் என்று விட்டுவைத்தது. வண்ணம் வழிந்துவிட்டது, தாள் ஊறிவிட்டது என்ற சாட்டெல்லாம் அவருக்கு இல்லை. ஆகவே கேட்க வேண்டியது ஒரு கேள்விதான், இதை ஏன் விட்டுவைத்தார்? கீழே வருவதெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்கிற வெவ்வேறு வழிகள்.

முதலில் ஒரு ஓவியரைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே ஒருவர் போதும். நூறு பேரை ஃபொலோ பண்ணி விரலால் தள்ளிக்கொண்டே போவதை விட ஒருவருடைய இருபது படங்களோடு ஒரு மாதம் இருப்பது கண்ணுக்கு அதிகம் கற்றுத் தரும். உங்களுக்குத் தெரிந்த ஊர்ப் பிள்ளையாகவே இருக்கலாம். கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் காட்சிக்கலை படித்தவர்கள் மட்டக்களப்பு, அம்பாறை என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள், அப்படி ஒருவரைத் தெரிந்தால் அவரிடமிருந்தே தொடங்குங்கள்.

யாரும் தெரியாதென்றால், பயிற்சிக்கு நான் சொல்வது டேவிட் ஹொக்னி. 1937இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பிறந்தவர், எண்ணெய், அக்ரிலிக் ஓவியங்களால் உலகப் புகழ் பெற்ற பிறகு, எழுபது வயது தாண்டி 2009 வாக்கில் ஐபோனிலும் 2010இலிருந்து ஐபேடிலும் கீறத் தொடங்கினார். விடியற்காலையில் படுக்கையில் இருந்தபடியே சூரிய உதயத்தைப் போனில் கீறியிருக்கிறார். திரைக்குச் சொந்த வெளிச்சம் இருப்பதால் விளக்குப் போடத் தேவையில்லை, விளக்குப் போட்டால் அந்த இருட்டும் கலைந்துபோகும் அல்லவா. 2012இல் லண்டன் ரோயல் அகாடமியில், யோர்க்‌ஷயர் கிராமப் பாதை ஒன்றில் வசந்தம் வருவதைக் காட்டும் 51 ஐபேட் படங்களை, ஒரு மீற்றருக்கும் கூடிய உயரத்தில் அச்சிட்டு, 32 கன்வஸ் சேர்ந்த ஒரு பெரிய எண்ணெய் ஓவியத்தோடு ஒரே அறையில் வைத்தார். 2020இல் நோர்மண்டியில் இருந்து கீறிய 116 படங்கள் அடுத்த வருடம் அதே அகாடமிக்கு வந்தன. இணையத்தில் தேடினால் நிறையக் கிடைக்கும்.

திரையைச் சரிசெய்யுங்கள்

இது சின்ன வேலை, ஆனால் செய்யாவிட்டால் மற்ற எல்லாம் வீண். போனில் இரவுக்கென்று திரையை மஞ்சளாக்கும் வசதி இருந்தால் நிறுத்துங்கள். நிறங்களைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' அமைப்பு இருந்தால் 'நெச்சுரல்' என்பதற்கு மாற்றுங்கள். பிரைட்னஸ் நடுவில் இருக்கட்டும். கடற்கரை வெயிலில் நின்று பார்க்காதீர்கள், கறுப்பெல்லாம் சாம்பலாகத் தெரியும். திரையைத் துணியால் துடையுங்கள், சிரிக்க வேண்டாம், விரல் எண்ணெய் மினுக்கத்தை ஓவியரின் கைவண்ணம் என்று நினைத்தவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவு செய்தாலும் உங்கள் திரையில் தெரியும் சிவப்பும் ஓவியர் பார்த்த சிவப்பும் அச்சொட்டாக ஒன்றாக இராது. பரவாயில்லை. தனி நிறத்தின் மேல் சத்தியம் பண்ண வேண்டாம், ஒரு நிறம் பக்கத்து நிறத்தோடு எப்படி நிற்கிறது என்று பாருங்கள், அந்த உறவு எந்தத் திரையிலும் ஓரளவு தப்பிப் பிழைக்கும்.

பெரிய கோப்பைத் தேடுங்கள்

ஏ3 தாளில் அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சிடத் தயாரான படம் 3508க்கு 4961 பிக்சல், அதாவது ஒரு கோடியே எழுபத்து நான்கு இலட்சம் பிக்சல் அளவில் இருக்கும். அதே படம் சமூக ஊடகத்தில் 1080க்கு 1350 ஆகச் சுருங்கி வந்தால் நீங்கள் பார்ப்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. தூரிகைத் தடமெல்லாம் மென்மையாகிப் போயிருக்கும், பிறகு "கை தெரியவில்லை" என்று ஓவியரைக் குறை சொல்வோம். ஓவியரின் சொந்தத் தளத்திலோ காட்சியகத்தின் தளத்திலோ இருந்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் படமாக அல்ல, டொக்கியுமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். அமுக்கப்பட்ட படத்தில் வானம் பட்டை பட்டையாக உடையும், அந்தப் பட்டைகள் ஓவியர் கீறியவை அல்ல.

தலைப்பை மறைத்துவிட்டு ஒரு தரம் பாருங்கள்

தலைப்பு, விளக்கம், மற்றவர்களின் கருத்து எதையும் வாசிக்காமல் இரண்டு நிமிடம். கண் முதலில் எங்கே போகிறது, பிறகு எங்கே, எந்த மூலையால் வெளியே போகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். இரண்டு நிமிடம் நீளமாகத்தான் இருக்கும்.

பிறகு படத்தைத் தபால்முத்திரை அளவுக்குச் சுருக்குங்கள், கண்ணையும் கொஞ்சம் சுருக்கிப் பாருங்கள். விவரமெல்லாம் போய் இருட்டும் வெளிச்சமும் மட்டும் பெரிய பெரிய துண்டுகளாக மிஞ்சும். இன்னும் தெளிவாக வேண்டுமென்றால் போனின் எடிட்டில் நிறச் செறிவை முழுக்கக் குறைத்துக் கறுப்பு வெள்ளை ஆக்குங்கள். நல்ல படம் அப்போதும் நிற்கும். நிறத்தை எடுத்ததும் எல்லாம் ஒரே சாம்பலாகக் குழைந்துவிட்டால் அந்தப் படம் நிறத்தை நம்பியே நின்றது என்று அர்த்தம். சில ஓவியர்கள் அதை வேண்டுமென்றே செய்வார்கள், ஹொக்னியும் பல இடங்களில் செய்கிறார், ஊதாப் பாதையும் பச்சை மரமும் ஏறக்குறைய ஒரே இருட்டளவில் நின்று நிறத்தால் மட்டும் மோதும். ஆகவே இது பரீட்சை அல்ல. ஓவியர் எதை நம்பி வேலை செய்கிறார் என்று அறிவதற்குத்தான்.

வெளிச்சம்: இதில் நமக்கு ஒரு முற்கூட்டிய தகுதி உண்டு

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். கிழக்குக் கரையில் வளர்ந்தவருக்கு வெளிச்சம் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. காலையில் கடலிலிருந்து எழும்பும் சூரியன், மாலையில் வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் இறங்கும் சூரியன், இரண்டுக்கும் இடையில் நீரும் வெள்ளை மணலும். கண்ணுக்குத் தெரிந்ததை வாயால் சொல்லப் பழகவில்லை, அவ்வளவுதான்.

ஒரு மாலை கல்லடிப் பக்கக் கரையில் நின்று 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தைப் பாருங்கள். சூரியன் பின்னால் இருப்பதால் பாலம் கறுத்துத் தெரியும். ஆனால் முழுக் கறுப்பா? இல்லை. வாவியிலிருந்து திரும்பும் வெளிச்சம் அடிப்பாகத்தை இலேசாகச் சூடேற்றியிருக்கும். இப்போது நீரில் உள்ள விம்பத்தைப் பாருங்கள். மேலே இருப்பதன் தலைகீழ்ப் பிரதி அல்ல அது. நீரின் மட்டத்துக்குக் கீழே நம் கண் இருந்தால் எப்படித் தெரியுமோ அப்படித்தான் விம்பம் காட்டும், ஆகவே பாலத்தின் அடிப்புறம் நேரே பார்ப்பதை விட விம்பத்தில் அதிகம் தெரியும். கறுப்பான தூண் நீரில் சற்று வெளிறும், வெளிச்சமான வானம் சற்று மங்கும். சிற்றலை இருந்தால் விம்பம் உங்களை நோக்கி நீளும்.

இதைக் கண்ணில் வைத்துக்கொண்டு டிஜிட்டல் நீர்க்காட்சிகளைப் பாருங்கள், பலருடைய குட்டு வெளிப்படும். படத்தின் ஒரு அடுக்கை, அதாவது லேயரை, பிரதியெடுத்துத் தலைகீழாகத் திருப்பி, கொஞ்சம் கலங்கலாக்கி விடுவது சில விநாடி வேலை. அப்படிச் செய்த படத்தில் விம்பம் மேலே உள்ளதை எழுத்துக்கு எழுத்து திருப்பிச் சொல்லும், அடிப்புறமே தெரியாது. நீரைப் பார்த்துக் கீறியவரின் படத்தில் விம்பத்துக்கென்று ஒரு தனி உருவம் இருக்கும். இதை ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் பிறகு காணாமல் இருக்க முடியாது.

கடற்கரையில் ஏற்றி வைத்த தோணியையும் இதே மாதிரிப் படியுங்கள். நல்ல வெயிலில் அதன் நிழல் கறுப்பல்ல, வானத்தின் நீலம் அதில் விழும். தோணியின் அடிவயிற்றிலோ மணலிலிருந்து எகிறும் வெளிச்சம் மஞ்சளாக ஏறும். நிழலுக்குள் இந்த இரண்டையும் வைத்த ஓவியர் வெளியே போய்ப் பார்த்தவர் என்று நான் நம்புவேன். எல்லா நிழலையும் ஒரே சாம்பலால் மூடியவர் பார்க்காதவர், அல்லது வேறெதையோ சொல்ல வந்தவர்.

தூரமும் அப்படித்தான். படுவான்கரை வயல் வரம்பிலிருந்து குடும்பிமலை நீலமாகத் தெரியும், பச்சையாக அல்ல. வாடை மழை கழுவிவிட்ட அடுத்த நாள் அது கிட்ட வந்து நிற்கும், கச்சான் காற்றுக் காலத்துத் தூசியில் தள்ளிப்போகும். படத்தில் தூரத்து மரம் எவ்வளவு வெளிறியிருக்கிறது என்று பார்த்தால் ஓவியர் எந்தக் காற்றைக் கீறியிருக்கிறார் என்றுகூடச் சொல்லலாம்.

விளிம்பு

படத்தைப் பெரிதாக்கி ஒரு உருவத்தின் ஓரத்தைச் சுற்றிக் கண்ணால் நடந்து வாருங்கள். எங்கே ஓரம் கத்தியால் வெட்டியது போலக் கூராக இருக்கிறது, எங்கே மென்மையாகிறது, எங்கே பின்புலத்தோடு கலந்து காணாமலே போகிறது? மூன்றும் இருந்தால் கை தேர்ந்தது. எல்லா ஓரமும் ஒரே கூராக இருந்தால் உருவம் ஒட்டிவைத்தது போல நிற்கும். 'கை தெரியவில்லை' என்கிறவர்கள் பெரும்பாலும் நடுவைப் பார்க்கிறார்கள். கை இருப்பது ஓரத்தில்.

தூரிகையும் லேயரும்

டிஜிட்டல் தூரிகை என்பது ஒரு சிறு வடிவத்தைக் கோடு நெடுக அடுத்தடுத்து அச்சுக் குத்திக்கொண்டு போவது. பேனாவை அழுத்தினால் தடிக்கும் அல்லது அடர்த்தியாகும். அதனால் இலைக்கென்று தூரிகை, முகிலுக்கென்று தூரிகை என்று ஆயத்தமாகக் கிடைக்கின்றன, ஒரு இழுவையில் ஆலமரம் முழுக்க இலை. பிழையில்லை. ஆனால் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒரே இலை ஒரே சாய்வில் பத்து இடத்தில் வந்தால், ஓவியர் அதற்கு மேல் போய்க் கையால் எதைச் சேர்த்தார் என்று தேடுங்கள். ஒன்றுமே சேர்க்கவில்லையென்றால் அந்த மரத்தைக் கீறியவர் தூரிகையை உருவாக்கியவர்தான்.

லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த ஒளிபுகு தாள்கள். போட்டோஷொப் 1990இல் வந்தது, லேயர் வசதி அதில் சேர்ந்தது 1994இல். இன்றைக்கு புரொக்ரியேட், கிரிட்டா, ஐபிஸ்பெயின்ட் என்ற ஓவியச் செயலிகள் எல்லாவற்றுக்கும் அதுதான் முதுகெலும்பு. மேல் லேயர் கீழ் லேயரோடு எப்படிக் கலக்கும் என்பதையும் மாற்றலாம். 'மல்டிப்ளை' என்றால் கீழே உள்ளதை இருட்டாக்கும், நிழல் போடப் பலர் பிடிப்பது இதைத்தான். 'ஓவர்லே' இருட்டை இன்னும் இருட்டாகவும் வெளிச்சத்தை இன்னும் வெளிச்சமாகவும் தள்ளும். மருதமுனை நெசவில் பாவும் ஊடும் வெவ்வேறு நிறமாக இருக்கும்போது துணியில் மூன்றாவது நிறம் ஒன்று தெரியுமே, நல்ல ஓவியரின் லேயர்களும் அப்படி வேலை செய்யும், எந்த ஒன்றிலும் இல்லாத நிறம் கண்ணில் உருவாகும்.

ஆனால் இங்கேதான் மலிவு வேலையும் நடக்கிறது. கடைசியாக ஒரு பொன்னிற ஒளியை ஓவர்லேயில் படம் முழுக்க ஊற்றிவிட்டால் எதுவும் 'கலைநயமாக' ஆகிவிடும். கலியாண அல்பம், கோயில் திருவிழா பனர், நினைவஞ்சலி பனர் எல்லாவற்றிலும் முகத்தைச் சுற்றி எரியும் அந்த ஒளியைப் பார்த்துப் பார்த்து நம் கண் அதற்குப் பழகிவிட்டது, ஒளி இல்லாத படம் ஏதோ முடிக்காமல் விட்டது போலத் தோன்றுகிறது. பயிற்சிக்கு, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று விரல் வைத்துக் காட்ட முயலுங்கள். காட்ட முடியாவிட்டால் அது ஊற்றியது.

இதற்கு நேர்மாறாக ஹொக்னியைப் பாருங்கள். தூரிகைத் தடத்தை அவர் மறைப்பதே இல்லை. புல்லுக்குக் கீற்று, பூவுக்குப் புள்ளி, குளத்து மழைக்கு வட்டம், டிஜிட்டல் கோட்டின் வழுவழுப்பு அப்படியே கிடக்கும். "இதைச் சின்னப் பிள்ளையும் கீறும்" என்பார்கள். நானும் அவருடைய எல்லாப் படத்தையும் ரசிக்கிறேன் என்று சொல்ல மாட்டேன், சில பச்சைகள் கண்ணைக் குத்துகின்றன. ஆனால் ஒரே பாதையை குளிர்காலத்திலிருந்து வசந்தம் வரை வரிசையாகப் பார்த்தால், மரம் அதே இடத்தில் நிற்க, கீற்றின் வகை மட்டும் மாறி மாறிப் பருவத்தைக் காட்டுவது தெரியும். தனிப் படமாகப் பார்த்தால் இது பிடிபடாது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 2018இல் திறந்த அவருடைய வண்ணக் கண்ணாடிச் சாளரத்தையும் ஐபேடில்தான் வடிவமைத்தார். பின்னாலிருந்து ஒளி வரும் திரையில் பழகிய கைக்கு, பின்னாலிருந்து ஒளி வரும் கண்ணாடி தூரமான இடமல்ல.

செய்முறை வீடியோவைக் கடைசியாகப் பாருங்கள்

புரொக்ரியேட், ஐபிஸ்பெயின்ட் போன்றவை கீறுவதைத் தாமாகவே பதிவு செய்யும், ஓவியர்கள் அதை வேகமாக்கிப் போடுவார்கள். முன்கூட்டியே பார்த்தால் வித்தையில் மயங்கிப் படத்தை மறந்துவிடுவீர்கள். உங்கள் குறிப்பை எழுதி முடித்த பிறகு பாருங்கள், அப்போதும் என்ன சேர்த்தார் என்பதை விட எதை அழித்தார் என்று கவனியுங்கள். அரை மணி நேரம் கீறிய ஒரு ஆளையோ மரத்தையோ திடீரென்று தூக்கிவிடுவார்கள். அந்த இடத்தில் நிறுத்தி, அது இருந்த படத்தையும் இல்லாத படத்தையும் ஒப்பிடுங்கள். நடுவில் படம் முழுக்க இடம் வலமாகத் திரும்பினால் பயப்பட வேண்டாம், சமநிலை பிசகியிருக்கிறதா என்று புதுக் கண்ணால் பார்க்க அவர்கள் செய்வது அது. நீங்களும் போனில் படத்தைத் திருப்பிப் பார்க்கலாம்.

செயற்கை நுண்ணறிவுப் படமா என்ற கேள்வி

விரல் ஆறு இருக்கிறதா என்று எண்ணுவது பழைய வழி, இப்போது விரல்கள் சரியாகவே வருகின்றன. நான் பார்ப்பது வேறு. ஒரே ஓவியரின் பல படங்களில் ஒரே கவனம், ஒரே பிடிவாதம், ஒரே பலவீனம்கூடத் தொடர்கிறதா? செய்முறைப் பதிவு, ஆரம்பக் கிறுக்கல், லேயர்களின் படம் ஏதாவது காட்டுகிறாரா? சந்தேகம் என்றால் அவரிடமே மரியாதையாகக் கேளுங்கள். ஆதாரமில்லாமல் பொதுவில் "இது ஏஐ" என்று எழுதிவிடாதீர்கள், வாரக்கணக்கில் இருந்து கீறியவருக்கு அதைவிட நோகும் சொல் இல்லை. போட்டோவைப் பார்த்துக் கீறுவதும், போட்டோத் துண்டை உள்ளே வைத்து அதன்மேல் தீட்டுவதும் வேறு விடயம், பலர் வெளிப்படையாகச் செய்கிறார்கள், யாருடைய போட்டோ என்பதுதான் அங்கே கேட்க வேண்டியது.

நீங்களும் ஒன்று கீறுங்கள்

காட்ட வேண்டியதில்லை. ஐபிஸ்பெயின்டின் இலவசப் பதிப்பைப் போனில் இறக்கி, விரலாலேயே, மூன்று சாம்பல் நிறம் மட்டும் வைத்துக்கொண்டு பாலத்தையோ திருக்கோவில் கடற்கரையையோ கீறிப் பாருங்கள். வானம், நீர், பாலம், மூன்றில் எது மிக வெளிச்சம் என்று தீர்மானிக்கவே கஷ்டப்படுவீர்கள். அந்தக் கஷ்டத்தோடு திரும்பிப் போய் உங்கள் ஓவியரின் படத்தைப் பார்த்தால் கண் வேறு இடங்களில் நிற்கும்.

பாராட்டு, அச்சு, காசு

"சூப்பர்" என்று எழுதுவது குற்றமல்ல, ஆனால் ஓவியருக்கு அதால் ஒன்றும் கிடைக்காது. நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்: "தோணிக்குக் கீழே அந்த மஞ்சள் வெளிச்சத்தை வைத்திருக்கிறீங்கள், மணல் சுடுவது தெரியுது" என்று ஒரு வரி போதும். பிடிக்காததையும் இதே மாதிரி இடம் சுட்டிச் சொல்லலாம், தெரிந்தவராக இருந்தால் தனியாக. பகிரும்போது பெயரோடு பகிருங்கள், மூலையில் உள்ள கையொப்பத்தை வெட்டாதீர்கள். கோயில் பனருக்கோ கடை விளம்பரத்துக்கோ கேட்காமல் எடுப்பது களவு, ஊருக்குள் நடந்தாலும் களவுதான்.

வீட்டில் மாட்ட ஆசையென்றால் ஓவியரிடமே அச்சுப் பிரதி கேளுங்கள். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது, அதனால் இளம் நெற்பயிரின் பச்சையும் மின்னும் நீலமும் ஊதாவும் தாளில் கொஞ்சம் மங்கும். ஓவியருக்கு இது தெரியும், அச்சுக்கென்று நிறத்தைத் திருத்தித் தருவார், நீங்களாகக் கோப்பைக் கடைக்குக் கொண்டுபோனால் அந்தத் திருத்தம் நடக்காது. முழு அளவில் அடிக்குமுன் ஒரு சிறு துண்டைச் சோதனைக்கு அச்சிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மினுக்கத் தாளை விட மங்கலான, பருத்திநார் கலந்த தாள் ஓவியத்துக்கு நல்லது, நம் ஈரக் காற்றுக்குப் பின்னால் காற்றோட்டம் விட்டுக் கண்ணாடிச் சட்டம் போடுங்கள், நேர்வெயில் படும் சுவர் வேண்டாம். எத்தனை பிரதி அடிக்கப் போகிறார், எண்ணிட்டுக் கையொப்பம் வைப்பாரா என்று விலை பேசுமுன் கேளுங்கள். "கோப்புத்தானே, சும்மா அனுப்புங்களேன்" என்று மட்டும் கேட்காதீர்கள்.